பரவல் நிலைநினைவகம்

பரவல் நிலைநினைவகம் என்பது இணைக் கணிமை முறைமையொன்றின் பல கணுக்களில் அமைந்துள்ள, மின்சாரம் நின்ற பின்னும் தரவை இழக்காத நினைவகங்களை ஒருங்கே மேலாளும் முறை ஆகும். கணு என்பது தனக்கெனச் செயலிகளும் நினைவகமும் கொண்ட தனிக் கணினி. மீத்திறன் கணினிகளில் இத்தகைய நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான கணுக்கள் அதிவேக வலையமைப்பால் இணைக்கப்பட்டுள்ளன.

தேவை

முதன்மை நினைவகம் விரைவானது; ஆனால் மின்சாரம் நின்றால் அதிலுள்ள தரவு அழியும். வன்தட்டு தரவைக் காக்கும், ஆனால் மெதுவானது. கணுக்களின் எண்ணிக்கை கூடக்கூட அவற்றுள் ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும். ஒரு கணு நின்றாலே முழுக் கணிப்பும் நின்றுவிடக்கூடும். எனவே கணிப்பின் இடைநிலை அவ்வப்போது சேமிக்கப்படுகிறது. இது சோதனைப்புள்ளியிடல் எனப்படும். எல்லாக் கணுக்களும் ஒரே நேரத்தில் பொதுக் கோப்பு முறைமையில் எழுதினால் நெரிசல் உண்டாகும். ஒவ்வொரு கணுவும் தன் நிலைநினைவகத்திலேயே எழுதினால் அது குறையும்.

வானிலை முன்கணிப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. இத்தகைய புயலின் முன்கணிப்பு குறித்த நேரத்துக்குள் முடிந்தால்தான் பயன்படும். பாதியில் நின்ற கணிப்பை முதலிலிருந்து தொடங்க அவகாசம் இராது.

சிக்கல்கள்

1. எழுதும் வரிசை: செயலி எழுதும் தரவு முதலில் பதுக்கு நினைவகத்தில் தங்கும். அது நிலைநினைவகத்தை அடையுமுன் மின்சாரம் நின்றால், பல முறைமைகளில் இழக்கப்படும். ஆகவே அதனை உரிய வரிசையில் வெளியேற்றும் கட்டளைகளை நிரல் தரவேண்டும்.
2. தொலை எழுத்து: ஒரு கணு மற்றொன்றின் நினைவகத்தில் நேரடியாக எழுதும்போது வலையமைப்பு தரும் ஒப்புதல், தரவு நிலையாகப் பதிந்தது என்பதற்கு உறுதியாகாது.
3. படியெடுத்தல்: பழுதான கணுவின் தரவு அழியாதிருந்தும் எட்டாததாகிவிடும். எனவே அதன் படி வேறொரு கணுவிலும் வைக்கப்படும்.
4. ஒத்திசைவு: எல்லாக் கணுக்களின் சேமிப்பும் ஒன்றோடொன்று பொருந்தும் நிலையைக் குறிக்க வேண்டும். இல்லையேல் மீளத் தொடங்கிய கணிப்பு பிழையான விடையைத் தரும்.

வன்பொருள்

இன்டெல், மைக்ரான் நிறுவனங்கள் 2015 இல் 3டி எக்ஸ்பாயிண்ட் நினைவகத்தை அறிவித்தன. அதன் அடிப்படையில் ஆப்டேன் நிலைநினைவகக் கூறுகளை இன்டெல் 2019 இல் வெளியிட்டது. 2022 இல் இத்தொழிலைக் கைவிடுவதாக அறிவித்தது. எனினும் அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்து ஆரோரா கணினியின் டேயோஸ் சேமிப்பு முறைமை இக்கூறுகளைக் கொண்டே அமைக்கப்பட்டது.

இந்தியாவில்

சி-டாக் நிறுவனம் 1991 இல் உருவாக்கிய பரம் 8000 கணினியில் ஒவ்வொரு கணுவும் தன் நினைவகத்தையே கொண்டிருந்தது. கணுக்கள் செய்திகளால் தரவைப் பரிமாறின. தேசிய மீத்திறன் கணினித் திட்டத்தின்கீழ் 2022 இல் திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 838 டெராஃபிளாப்ஸ் திறனுள்ள பரம் பொருள் நிறுவப்பட்டது. வானிலை ஆய்வுக்கான அர்கா, அருணிகா கணினிகள் 2024 செப்டம்பரில் முறையே புனேயிலும் நொய்டாவிலும் தொடங்கி வைக்கப்பட்டன.

இவற்றையும் பார்க்கவும்

- இணைக் கணிமை
- மீத்திறன் கணினி
- கோப்பு முறைமை