புரூச்சின் கல்லும் கல்லுமாலையின் கல்லும்

விக்டோரியா காலத்துப் பொன் புரூச்சுகளை மதிப்பிடுவோர் முதலில் அவற்றின் பின்புறத்தையே பார்க்கின்றனர். பூட்டில்லாத எளிய கொக்கியும் விளிம்பைத் தாண்டி நீளும் ஊசியும் பழமையின் அடையாளங்கள். முன்புறத்தின் கவர்ச்சியோ பெரிதும் கல்லைச் சார்ந்தது. 1879இல் விக்டோரியாவின் மகன் கனாட் கோமகன் ஆர்தர் தம் மணமகளுக்கு வைடூரியம் பதித்த மோதிரம் அளித்தார். அதன்பின் இங்கிலாந்தில் அக்கல்லின் மீது பெரும் நாட்டம் எழுந்தது.

அன்று சந்தைக்குச் சென்ற வைடூரியங்களில் பெரும்பாலானவை இலங்கையைச் சேர்ந்தவை. எனினும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்கள் அமைந்த திருவனந்தபுரம் மாவட்டத்தின் பெக்மடைட் பாறைகளிலும் அதே கிரிசோபெரில் கனிமம் உண்டு. இலண்டன் வைடூரியத்தை வியந்த அக்காலத்தில் இம்மண்ணின் புலையர் பெண்களுக்குக் 'கல்' என்ற சொல் வேறொன்றைச் சுட்டியது. பொன்னோ வெள்ளியோ அணியச் சாதி வழக்கம் அவர்களுக்கு இடங்கொடுக்கவில்லை. கல்லாலும் கண்ணாடி மணியாலும் ஆன கல்லுமாலையே கழுத்தில் கிடக்க வேண்டும். 'கல் வைத்த நகை' என்னும்போது கல் மதிப்பைக் கூட்டுகிறது. 'கல்லுமாலை' என்னும்போது அதே கல் சாதியைக் காட்டிக்கொடுக்கிறது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான ஒரே சொல்தான் இரண்டு பொருளையும் சுமந்தது.

ஊசிக்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு. புரூச்சின் வேலை ஆடையை இணைத்து நிறுத்துவது. இணைப்பதற்கு முதலில் மேலாடை வேண்டுமல்லவா? 1854இல் இங்கிலாந்து 9 காரட் பொன்னுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. பொன் புரூச்சு நடுத்தர வகுப்பாருக்கும் எட்டும் பொருளாயிற்று. தென்திருவிதாங்கூரிலோ அப்போது தோள்சீலைப் போராட்டம் முடிந்திருக்கவில்லை. சென்னை ஆளுநர் டிரெவெலியனின் அழுத்தத்துக்குப் பின், 1859 சூலை 26 அன்று உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் அரசு வெளியிட்ட அறிவிப்பு, நாடார் பெண்கள் குப்பாயம் அணியவும் முரட்டுத் துணியால் மார்பை மறைக்கவும் இசைந்தது. மேற்சாதிப் பெண்களைப் போல் உடுத்தும் உரிமை அப்போதும் கிட்டவில்லை. பழநகைகளைப் பற்றிய எழுத்துகள் வைடூரியத்தின் ஒளிக்கோட்டை நுணுகி வருணிக்கும். கல் கிடைக்கும் மண்ணில் அதை அணிய உரிமை பெற்றோர் யார் என்ற வினா பெரும்பாலும் அவற்றில் எழுவதில்லை.

அன்றைய நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்கானூரில் 1863இல் பிறந்த அய்யங்காளியே கல்லுமாலையைக் கைவிடுமாறு பெண்களை அழைத்தார். 1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் இதன்பொருட்டுக் கலவரம் மூண்டது. அவ்வாண்டின் இறுதியில் கொல்லத்தில் கூடிய கூட்டத்தில், சாதித் தடைகளை அறிந்தே, பெண்கள் தம் கழுத்திலிருந்த மாலைகளை எல்லோர் முன்னிலையிலும் அறுத்தெறிந்தனர்.