அடுக்கு: அடுத்தது எது?

கெடா மாநிலத்தில் செமிலிங்கை ஒட்டிய சுங்கை பத்துவில், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே, 2009இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டத் தொடங்கினார்கள். மொக்தார் சைடின் தலைமையில் நடந்த அந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய களங்கள், உலைக்குக் காற்றூதிய குழல்களின் ஆயிரக்கணக்கான துண்டுகள், செங்கல் படித்துறைகள், வட்ட அடித்தளம் கொண்ட வழிபாட்டு மேடை எல்லாம் வெளிவந்தன. இவற்றைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும் யாருக்கும் சில வரிகளுக்குள் ஒரு சொல் தேவைப்படும்: மண்ணடுக்கு.

அடுக்கு பழைய சொல். ‘பாம்பு பாம்பு’ என்று ஒரே சொல் மீண்டும் வருவதைத் தொல்காப்பியம் அடுக்கு என்றே சொல்கிறது. பரணில் பானை அடுக்கு, நகரத்தில் அடுக்குமாடி. இவற்றிலெல்லாம் அடுக்கிவைத்த கை ஒன்று உண்டு. மண்ணுக்கு அது இல்லை. ஆறு வண்டலைக் கொட்டுகிறது, கூரை சரிகிறது, உலைக்காரன் கசடை வாரி எறிகிறான், நூற்றாண்டுகள் கழித்து வேறொருவன் குழி தோண்டி எல்லாவற்றையும் கலக்கிவிடுகிறான். அப்படியானால் சொல் பிழையா?

வேரைப் பார்த்தால் இல்லை. அடு என்றால் நெருங்கு, பக்கத்தில் இரு. அடுத்த வீடு, அடுத்த வருஷம் என்று இடத்துக்கும் காலத்துக்கும் தமிழர் அந்த ஒரே வேரைத்தான் வைத்திருக்கிறார்கள். கலையாத படிவில் கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது அடுத்தது என்று 1669இல் நிலவியலாளர் ஸ்டெனோ எழுதிவைத்த விதியும் இதுதான். (சமைத்தல், உருக்குதல் என்ற பொருளில் வேறொரு அடு உண்டு, அடுப்பு அதன் பிள்ளை. பர்ரோவும் எமனோவும் தங்கள் திராவிட வேர்ச்சொல் அகராதியில் இரண்டையும் தனித்தனியே வைத்தார்கள். இரும்பு அட்ட களத்தில் இரண்டும் சந்திப்பது வெறும் தற்செயல், ஆனால் ருசியான தற்செயல்.)

குழியில் வேலை பொறுமையானது. பக்கச்சுவரைக் கரணையால் செங்குத்தாகச் சீவி, ஈரம் காய்வதற்குள் நிறம் மாறும் இடங்களில் கோடு கீறுகிறார்கள். மன்செல் நிற அட்டையோடு ஒப்பிட்டு நிறத்துக்கு எண் தருகிறார்கள். விரலால் பிசைந்து களியா மணலா என்று குறிக்கிறார்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் எண், அளவு, வரைபடம். மனிதச் சுவடே இல்லாத மண் வந்ததும் ‘கன்னி மண்’ என்று எழுதி நிறுத்துகிறார்கள்.

இந்த ஒழுங்கு எப்போதும் இருந்ததல்ல. 1936-37இல் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் கெடாவில் முப்பது இடங்களுக்கு எண் இட்டபோது அவர் முதன்மையாகத் தேடியது கட்டட அடித்தளங்களை. 1945இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் தொல்லியலாளர் வீலர் தேடியது அண்டையை. காலம் தெரிந்த ரோமானிய மட்பாண்டம் எந்த அடுக்கில் கிடந்ததோ, அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைக்கும் காலம் கிடைத்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஆண்டுக்கணக்கு பிடிபட்டது அப்படித்தான்.

ஆனாலும் பொதுப்பேச்சில் அடுக்கைவிட ஆழத்துக்கே மவுசு. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குக் கி.மு. 580 என்ற காலம் 2019இல் வெளியானதும், அந்த ஆழமே சான்று என்பதுபோலப் பலர் பேசினார்கள். ஆழம் தனியாக எதையும் சொல்லாது. நேற்று வெட்டிய குப்பைக்குழியின் அடி, அதன் பக்கத்தில் இருக்கும் பழைய தரையைவிடத் தாழ்ந்திருக்கும். தொல்லியலாளர் எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் வகுத்த கட்ட வரைபடத்தில் ஆழத்துக்கு இடமே கிடையாது. எது எதற்கு முந்தியது, எது எதை வெட்டியது என்பது மட்டும்தான்.

சுங்கை பத்துவுக்கு இது வெறும் ஏட்டுக்கணக்கு இல்லை. செம்பனை நட்ட குழியும் வடிகாலும் பழைய மண்ணைக் கலைக்கக்கூடியவை. கி.மு. 8ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகும் காலக்கணிப்புகள் அங்கிருந்து அறிவிக்கப்பட்டன. எல்லா ஆய்வாளரும் அவற்றை ஏற்கவில்லை. கரித்துண்டின் வயது மரத்தின் வயது. அது உலையின் வயதாக வேண்டுமானால் கரியும் உலையும் ஒரே அடுக்கில் கிடந்தன என்று காட்ட வேண்டும். கெடாவின், அதாவது கடாரத்தின், தொன்மையைப் பேசும் மேடைகளில் ‘எத்தனை அடி ஆழம்?’ என்று கேட்பதை விட்டு, ‘எந்த அடுக்கு, அதை அடுத்து என்ன?’ என்று வாசகர்கள் கேட்கத் தொடங்கலாம்.