ஆற்றுணாவில் உள்ள ஆறு எது?

சித்திரைச் சதயத்தன்று திருவதிகையில் அப்பர் குருபூசை. மாலையில் ஒரு சொற்பொழிவு. பேசியவர் நல்ல குரல்வளம் உள்ளவர். "ஆறு என்றால் நதி. ஆதிமனிதன் நதிக்கரையோரமாகத்தான் நடந்தான். அதனால் நதியின் பெயரே வழிக்கும் பெயராயிற்று. ஆற்றுப்படை அப்படி வந்தது. ஆற்றங்கரையில் உட்கார்ந்து உண்ட உணவு ஆற்றுணா" என்றார். கூட்டம் கைதட்டியது. பக்கத்திலேயே கெடிலம் இருப்பதால் கேட்கவும் பொருத்தமாக இருந்தது. பண்ருட்டிப் பேருந்து நிலையம் வந்து சேரும்வரை எனக்கு மனம் ஆறவில்லை. இந்தக் கதையைப் பட்டிமன்றங்களிலும் பள்ளி விழாக்களிலும் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். கால்நடையாகவே வாழ்ந்து முடித்த ஒருவருடைய நாளில், நடப்பவர்களுக்கு உரிய சொல்லைக் கரையில் உட்கார வைத்துவிட்டார்களே என்ற வருத்தம்தான் இதை எழுதத் தூண்டியது.

ஆற்றுணா என்ற சொல்லைப் பழமொழி நானூற்றில் காண்கிறோம். கற்றவனுக்குச் செல்லும் நாடெல்லாம் தன் நாடே. ஆகவே அவன் ஆற்றுணா கொண்டு போக வேண்டியதில்லை என்கிறார் முன்றுறையரையனார். எந்த ஊருக்குப் போனாலும் சோறு கிடைக்கும் என்பதுதானே கருத்து? இதில் நதி எங்கே வருகிறது? வேறொருவர், பசியை ஆற்றுகிற உணா என்று வினைத்தொகையாகப் பிரித்து எழுதியிருந்ததையும் படித்தேன். பாட்டு முழுவதும் பேசுவது நாடு விட்டு நாடு போவதைப் பற்றி. பசி ஆற்றாத உணவு உலகில் உண்டா? அந்த அடைக்கு அங்கே வேலையே இல்லை.

உணா என்பதில் சிக்கல் இல்லை. கனா கனவாயிற்று, நிலா நிலவாயிற்று, இரா இரவாயிற்று. அதே தடத்தில் உணா உணவாயிற்று. குறிலை அடுத்த ஆகாரம் குறுகி உகரம் ஏற்பதை நன்னூல் படித்த பிள்ளைகளும் சொல்வார்கள். சிக்கலெல்லாம் ஆறு என்பதில்தான்.

நதியைக் குறிக்கும் பழஞ்சொல் யாறு. முல்லைப்பாட்டில் கான்யாறு என்று வருகிறது. னகர மெய்க்குப் பின் உடம்படுமெய் தோன்ற இடமில்லை. ஆகவே அந்த யகரம் சொல்லுக்கே உரியது. யானை ஆனையானதுபோல, யாண்டு ஆண்டானதுபோல, யாடு ஆடானதுபோல, யாறும் முதல் யகரத்தை உதிர்த்து ஆறு ஆயிற்று. தெலுங்கைப் பாருங்கள். யானைக்கு ஏனுகு, யாண்டுக்கு ஏடு, யாற்றுக்கு ஏறு. நம் 'யா' நிற்கும் இடத்தில் அங்கே 'ஏ' நிற்கிறது. இந்த ஒழுங்கு தற்செயலாக அமையாது.

வழியைக் குறிக்கும் ஆற்றுக்கு இந்த யகரம் இல்லை. பாலைப் பாட்டுகளில் வம்பலர் நடந்து செல்வது ஆறு. குறளில் அறம் செல்லும் நெறி அறத்தாறு. இங்கெல்லாம் யாறு என்று எழுதியவர் இல்லை. திராவிடச் சொற்பிறப்பகராதி தொகுத்த பர்ரோவும் எமனோவும் இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகவே வைத்தார்கள். பிறப்பில் வேறான இரண்டு சொற்கள், யகரம் உதிர்ந்த பிறகு ஓசையில் ஒன்றாயின. இரண்டும் வேற்றுமை ஏற்கும்போது 'ஆற்று' என்றே நிற்பதால் குழப்பம் முற்றியது. வம்பலர் என்றேனே, அவர்கள் புதியவர்கள், அயலூரார். வம்பு என்றால் புதுமை. ஊருக்குப் புதிதாக நடந்து வந்தவனைக் குறித்த சொல் இன்று வீண் சண்டைக்குப் பெயராகிவிட்டது. அது தனிக் கதை.

வழிநடையின் பசியை அறிய வேண்டுமானால் சிறுபாணாற்றுப்படையைப் படிக்க வேண்டும். நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடியது. இடிந்த அடுக்களையில் ஈன்ற நாயும் கண் திறக்காத குட்டிகளும் கிடக்கின்றன. கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, அயலார் பார்த்துவிடக்கூடாதென்று கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். புறநானூறு 159இல் பெருஞ்சித்திரனாரும் இதையே சொல்கிறார்: குப்பைக்கீரை, உப்பில்லை, மோர் இல்லை, சோற்றை மறந்தே போயிற்று. இந்த இலையுணவுக்குப் பெயர் அடகு. இன்று அடகு என்றால் நமக்கு நகைக்கடை நினைவுக்கு வருகிறது. அன்று அது வயிற்றை நிரப்பிய பச்சிலை.

சிறுபாணாற்றுப்படையின் பாணன் வள்ளல் நல்லியக்கோடனை நோக்கிப் போகும் வழியில் எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளிச்சோறும் ஆமான் சூடும், ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கும் என்று நத்தத்தனார் சொல்லி அனுப்புகிறார். நெய்தல், முல்லை, மருதம் என்று நிலத்தைக் குறுக்காகக் கடக்கும் வழி அது. எந்த ஊரில் எவர் சோறு போடுவார் என்ற குறிப்புத்தான் ஆற்றுப்படையின் உயிர். கையில் காசில்லாமல் நடப்பவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மலைபடுகடாத்தில் சேயாறு வருகிறதே என்று கேட்பார்கள். வருகிறது, வழிக்கு அடையாளமாக. மலையும் காடும் அங்கே வருகின்றன. அதனால் மலையின் பெயர் வழிக்கு ஆகிவிட்டதா?

என் கால்களே எனக்குச் சான்று. இருபது வயதில் ஒரு சித்திரையில் பண்ருட்டியிலிருந்து தில்லைக்கு நடந்தேன். சட்டைப் பையில் இருந்தது தேநீருக்கு மட்டும் போதுமான சில்லறை. காடாம்புலியூர், வடலூர், குறிஞ்சிப்பாடி, புவனகிரி, சிதம்பரம். பண்ருட்டியை விட்டதும் கெடிலத்தைத் தாண்டினேன், பிறகு பரவனாறு, புவனகிரியில் வெள்ளாறு. மூன்றும் மேற்கிலிருந்து கிழக்கே கடலுக்குப் போகின்றன. நான் வடக்கிலிருந்து தெற்கே போனேன். ஓர் இடத்திலும் யாறு எனக்கு வழியாக இல்லை. வழியை அறுத்துக்கொண்டு குறுக்கே கிடந்தது.

அன்று எனக்குப் பசி தீர்த்தது முந்திரித் தோப்பு. தோப்புக்காரருக்கு வேண்டியது கொட்டைதான். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தைத் தரையில் போட்டுவிடுவார்கள். தொண்டையைப் பிடிக்கும், உப்பு தொட்டால் அடங்கும். கொட்டை பழத்துக்கு முன்னே துருத்திக்கொண்டிருப்பதால் முந்திரி என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள். மரம் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. அதற்கு முன்பே 320இல் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர் வைத்துக் கணக்கு எழுதியவர்கள் நாம். திராட்சைக்குக் கொடிமுந்திரி என்ற பெயரும் இருக்கிறது. மரத்தைவிடச் சொல் மூத்தது.

இந்த வட்டாரத்துக்கும் வழிச்சோற்றுக்கும் உறவு பழையது. திருவாமூரில் பிறந்த அப்பர் திருப்பைஞ்ஞீலி செல்லும் வழியில் பசியாலும் நீர்வேட்கையாலும் தளர்ந்தபோது, இறைவன் அந்தணராக வந்து குளமும் சோலையும் ஆக்கிப் பொதிசோறு கொடுத்ததைச் சேக்கிழார் பாடுகிறார். திருநாவலூர்ச் சுந்தரருக்குத் திருக்குருகாவூர் வழியில் தண்ணீர்ப்பந்தலும் பொதிசோறும் கிடைத்தன. சோற்றை இலையில் வைத்துப் பொதிந்தால் பொதிசோறு, கட்டினால் கட்டுச்சோறு, அடியார் வாயில் அதுவே கட்டமுது. புளி, நல்லெண்ணெய் சேர்த்து ஈரம் வற்றக் கிளறிய சோறு இரண்டு நாள் கெடாது. கட்டுச்சோறு என்றாலே புளிச்சோறு நினைவுக்கு வருவது அதனால்தான். நாலடியார் கட்டுச்சோற்றைத் தோட்கோப்பு என்கிறது. தோளில் கோத்துத் தொங்கவிட்ட மூட்டையைக் கண்முன் நிறுத்தும் சொல்.

கட்டுச்சோற்று மூட்டையில் எலியையும் சேர்த்துக் கட்டிய கதையாக இன்னொரு சொல்லுக்கும் பிழை நேர்ந்திருக்கிறது. சம்பளம். சம்பா நெல்லும் அளம் என்ற உப்பும் கூலியாகக் கொடுத்ததால் சம்பளமாம். அளம் என்றால் உப்பு விளையும் களம். மரக்காணத்துக்காரரைக் கேட்டால் சொல்வார். வேலை செய்தவனுக்கு நெல்லோடு ஓர் உப்பளத்தையுமா அளந்து கொடுத்தார்கள்? இலத்தீனில் ஊதியச் சொல் உப்போடு உறவுடையது என்று கேள்விப்பட்டவர்கள் நமக்கும் ஓர் உப்பு தேடியிருக்கிறார்கள். வடமொழியில் சம்பலம் என்றால் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கும் உணவு. பாலியிலும் அதே பொருள். வெளியூர் அனுப்புகிறவனுக்குக் கொடுத்த வழியுணவே பிறகு ஊதியமாயிற்று என்பது என் துணிபு. அரிசி அளந்த படி இன்றும் அலுவலகத்தில் பயணப்படியாக நிற்கவில்லையா?

அப்பருடைய கயிலை நடையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. காளத்தியிலிருந்து திருப்பருப்பதம், தெலுங்கு நாடு, கன்னட நாடு, மாளவம் கடந்து காசி. அங்கே உடன் வந்தவர்களை விட்டுத் தனியே நடந்தார். மனிதர் போகாத அந்தக் காட்டுவழியில் கீரை, கிழங்கு, கனி என்று கிடைத்ததை உண்பதையும் விட்டார் என்கிறார் சேக்கிழார். கால் தேய்ந்தபின் கையால், கை தேய்ந்தபின் மார்பால், பிறகு உருண்டு. கடைசியில் பொய்கையில் மூழ்கி எழுந்த இடம் திருவையாறு. ஐயாற்றில் இருக்கும் யகரம் வெறும் உடம்படுமெய் என்று இலக்கணம் பேசுவோர் பேசட்டும். எனக்கு அது யாறுதான். அவர் நடந்தது ஆறு, எழுந்தது யாற்றங்கரையில்.

தைப்பூசத்துக்கு வடலூர் நோக்கி நடப்பவர்களுக்கு இன்றும் சாலையோரத்தில் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள். வள்ளலார் 1867 மே 23இல் தருமச்சாலை அடுப்பை மூட்டிய மண் இது. பொட்டலம் கொடுக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பந்தலில் பெயர் எழுதும்போது ஆற்றுணா என்று எழுதுங்கள். ஆறு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு வழி என்று சொல்லுங்கள்.