ஊரி குளறுதா, மீன் பாடுதா?

 

பொது அறிவுப் புத்தகங்களில் தவறாமல் வரும் ஒரு கேள்வி: "இலங்கையில் பாடும் மீன்கள் உள்ள இடம் எது?" விடை மட்டக்களப்பு. நம்மட பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவார்கள். அதற்கு மேலே ஒரு வார்த்தை கேட்டால் ஊரில் இரண்டு கட்சிதான். ஒரு கட்சி, பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே மீன்மகள் பாடுவாள் என்கிறது. மற்றக் கட்சி, "மீனாவது பாடுறதாவது, அது பாலத்து இரும்பில காத்து மோதுற சத்தம்" என்று சிரிக்கிறது. என் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டாவது கட்சி. இரண்டு கட்சியும் பிழை.

முதலில் பாலத்துக் கதையை முடித்துவிடுவோம். கல்லடியின் பழைய பாலம், அதாவது லேடி மனிங் பாலம், 1924இல் திறக்கப்பட்டது. ஆனால் வாவிக்குள்ளிருந்து வரும் சத்தத்தைத் தன் காதால் கேட்டு எழுதிவைத்த ஒருவர் அதைக் கேட்டது 1848 செப்டம்பரில். பாலத்துக்கு 76 வருடம் முந்தி. அப்போது அங்கே இரும்பும் இல்லை, பாலமும் இல்லை. ஆட்களை அக்கரை சேர்க்கும் ஓடத்துறைதான் இருந்தது.

அவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். பிரித்தானியர் காலத்தில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த பெரிய அதிகாரி. இலங்கையைப் பற்றி 1859இல் இரண்டு பாகத்தில் புத்தகம் போட்டவர். மட்டக்களப்புக்கு வந்த இடத்தில் இந்தச் சத்தத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, புளியந்தீவுக் கோட்டைக்குப் பக்கத்து மீனவர்களைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். அவர்கள் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சத்தம் உண்மைதான், எங்கட வாப்பாமார், அப்பாமார் காலத்திலிருந்தே கேட்கிறோம். வெயில் காலத்தில் மட்டும் கேட்கும், மழை வெள்ளம் வாவிக்குள் வந்ததும் நின்றுவிடும் என்றிருக்கிறார்கள். இன்னொன்றும் சொன்னார்கள்: சத்தம் போடுவது மீன் இல்லை, ஊரி.

ஆம், ஊரி. கரையில் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் அதே சிப்பி வகைதான். நாடு முழுக்க "பாடும் மீன்" என்று பெயர் வாங்கிய ஊரில், தண்ணீரிலேயே கிடந்த மனிதர்கள் "மீன் இல்லை" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஊரியின் தமிழ்ப் பெயர் என்று டெனன்ட் ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பதை அப்படியே வாசித்தால் "ஊரி கூளீரு க்ராடு" என்று வருகிறது. அழும் சிப்பி என்று பொருளும் சொல்கிறார். வெளியூர்க்காரர் யாரும் இதை வாசித்தால் இது என்ன பாஷை என்று முழிப்பார்கள். நமக்கு முழிக்க ஒன்றுமில்லை. "புள்ள குளறுது" என்று தினமும் வீட்டில் சொல்கிறவர்கள் நாம். அந்த மீனவர் பெயர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். "ஊரி குளறுகிறது" என்று ஒரு முழு வசனம் சொல்லியிருப்பார்; துரை அதைப் பெயர் என்று நினைத்து எழுதிக்கொண்டார் என்பதே என் கணிப்பு.

டெனன்ட் கேள்விப்பட்டதோடு நிற்கவில்லை. நிலா எழும்பிய பிறகு மீனவர்களோடு தோணியில் போனார். காற்றில்லை, அலையில்லை. கோட்டை வாசல் துறையிலிருந்து சுமார் 200 யார் தூரத்தில் சத்தம் கேட்டது. நீண்ட ஒரே ஓசையாக இல்லை. மெல்லியதும் தடித்ததுமாகப் பல சின்னச் சின்ன ஓசைகள் கலந்து வந்தன. தோணிப் பலகையில் காதை வைத்தால் இன்னும் பலமாகக் கேட்டது. கொஞ்சம் தள்ளிப் போனால் நின்றது, திரும்பி வந்தால் மறுபடி கேட்டது. ஊரிதான் காரணம் என்று மீனவர்கள் சொன்ன பக்கமே அவரும் சாய்ந்தார்.

ஊரிக்கு அப்படிச் சத்தம் எழுப்ப உறுப்பு கிடையாது. ஆனால் மீனுக்கு உண்டு. "மீன் ஊமை" என்பதுதான் இந்த விஷயத்தில் நம்மிடம் உள்ள ஆகப் பெரிய பிழை. கெளிறு பிடித்தவர்களிடம் கேளுங்கள்; தண்ணீரை விட்டுத் தூக்கியதும் "கிர் கிர்" என்னும். செட்டை முள்ளை மூட்டுக்குழியில் உரசி எழுப்புகிற சத்தம் அது. கத்தாளை வகை மீன்கள் வயிற்றுக்குள் உள்ள காற்றுப்பையை, அதை ஒட்டிய தசையால் அதிரவைத்து மேளம் கொட்டும். கத்தாளைத் தலையை உடைக்கும்போது வெள்ளையாக இரண்டு கல் வருமே, அது அந்த மீனின் காதுக்குள் இருக்கும் கல். காது வைத்திருக்கிற மீனுக்குக் கேட்க ஏதாவது இருக்கத்தானே வேண்டும்!

அமெரிக்காவிலும் இதே கூத்து நடந்தது. கலிபோர்னியாவில் சோசலிட்டோ என்ற ஊரில் படகு வீடுகளில் இருந்தவர்கள் 1980களில் இரவிரவாக ஒரு ரீங்காரத்தால் தூக்கமில்லாமல் தவித்தார்கள். கழிவுநீர்ப் பம்ப் என்றார்கள், கடற்படையின் இரகசியப் பரிசோதனை என்றார்கள். கடைசியில் பார்த்தால், பெண் மீனைக் கூப்பிடும் ஆண் மீன்கள். அந்த மீன் தன் காற்றுப்பையைச் செக்கனுக்குச் சுமார் 100 தடவை அதிரவைக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில், 1942இல், ஜேர்மன் நீர்மூழ்கிகளைப் பிடிக்க செசபீக் விரிகுடாவில் அமெரிக்கர் போட்ட நீரடி ஒலிவாங்கிகளைக் குழப்பியதும் கத்தாளைக் குடும்பத்து மீன்கள்தான்.

அப்படியென்றால் பாலத்தில் நின்று பார்க்கும் நமக்கு ஏன் கேட்பதில்லை? தண்ணீருக்குள் எழும் சத்தம் மேற்பரப்பில் முட்டி அநேகமாக முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். வெளியே வருவது ஆயிரத்தில் ஒரு பங்குதான். தண்ணீரில் தொட்டுக்கொண்டிருக்கும் மரம் அதைக் காதுக்கு ஏற்றித்தரும். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்பது நம்மட மீனவர்களின் பழைய வழக்கம். 1950களில் இங்கே இருந்த அமெரிக்க யேசு சபைத் துறவி அருட்தந்தை லாங் அந்தச் சத்தத்தை ஒலிப்பதிவு செய்தார். அது வானொலியிலும் போனது. பௌர்ணமிக் கதைக்கும் பெரிய மர்மம் வேண்டாம். நிலவில்தானே சத்தம் கேட்கவென்று தோணி எடுப்பார்கள்!

காரணம் ஊரி என்பதில் அந்த மீனவர்கள் பிழைத்திருக்கலாம். ஆனால் எங்கே, எந்தக் காலத்தில், எப்போது நிற்கும் என்பதை அவர்கள் சொன்னவிதம் ஒரு நல்ல விஞ்ஞான மாணவன் எழுதும் அவதானிப்பு. 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவி பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு தொடுகிறது. வெயில் காலத்தில் உப்பு ஏறும். மாரி வெள்ளத்தில் நன்னீராகும். உயிர்கள் அதற்கேற்ப இடம் மாறும். சத்தம் மாரியில் நிற்பதை அவர்கள் சும்மா சொல்லவில்லை.

யுத்த காலத்தில் இரவில் தோணி விட முடியாத வருடங்கள் இருந்தன. என் வயதுக்காரர் பலர் வாவிக்கரையிலேயே வளர்ந்தும் இரவில் அதன் நடுவில் ஒருதரம் இருந்ததில்லை. இப்போது தோணி விடலாம். ஆனால் இயந்திரப் படகுச் சத்தமும், புதுப் பாலத்து வாகன இரைச்சலும், கண்டல் வெட்டிக் குப்பை போட்டு நிரப்பிய கரையும் கூடவே வந்துவிட்டன. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் பலர் இன்று வயசாளிகள்.

உங்கட வீட்டில் மூத்தாப்பாவோ அப்பப்பாவோ வாவியில் தொழில் செய்தவர் என்றால் இன்றைக்கே மூன்று விஷயம் கேளுங்கள். எந்த இடத்தில் கேட்டது, எந்த மாதம், அதற்கு அவர்கள் என்ன சொல் சொன்னார்கள். அவர் சொன்னபடியே எழுதி எனக்கு அனுப்புங்கள், திருத்த வேண்டாம். "ஊரி குளறுது" என்று யாராவது ஒருவர் சொன்னால், 1848இல் துரை பிழையாக எழுதிய அந்த வசனத்தை முதல் தடவையாகச் சரியாக எழுதிவைக்கலாம்.