கல்விச் சமிக்ஞைக் கோட்பாடு

வேலைக்கு வருபவருக்குத் தன் திறமை தெரியும். வேலை கொடுப்பவருக்குத் தெரியாது. இந்த இடைவெளியில் பட்டம் ஓர் அடையாளமாக நின்று பயன் தருகிறது என்பதே கல்விச் சமிக்ஞைக் கோட்பாடு. அமெரிக்கப் பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளம். 2001இல் ஜார்ஜ் அகெர்லோஃப், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவரோடும் அவர் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அதற்கு முன் கோலோச்சியது, கேரி பெக்கர் 1964இல் நூலாக விரித்துரைத்த மனித மூலதனக் கருத்து: படிப்பு உழைப்புத் திறனைக் கூட்டுகிறது, அதனால் சம்பளம் கூடுகிறது. ஸ்பென்ஸ் வேண்டுமென்றே எதிர்முனையில் தொடங்கினார். படிப்பால் திறன் துளியும் கூடாது என்று வைத்துக்கொண்டாலும் படித்தவருக்குக் கூடுதல் சம்பளம் கிடைக்குமா?

கிடைக்கும் என்று எளிய எண்களால் காட்டினார். ஒரு வகையினரின் உழைப்பு மதிப்பு 1, இன்னொரு வகையினருடையது 2. ஓர் அலகு கல்விக்கு முதல் வகையினருக்கு ஆகும் செலவு 1. மற்றவர்களுக்கு அதில் பாதி. (செலவு என்றால் கட்டணம் மட்டுமல்ல, படிக்கப் படும் பாடும் சேர்த்தே.) 1.5 அலகு படித்தவருக்கு 2, மற்றவர்க்கு 1 என முதலாளி சம்பளம் வைத்தால், முதல் வகையினர் படித்து மிஞ்சுவது 0.5தான், படிக்காமலே 1 கிடைக்கும்போது ஏன் படிக்கப் போகிறார்கள்? இரண்டாம் வகையினருக்கு 1.25 மிஞ்சும், அவர்கள் படிப்பார்கள். முதலாளியின் கணிப்பு தானாகவே பலித்துவிடும். வரம்பை 1.1இல் வைத்தாலும் 1.9இல் வைத்தாலும் கதை இதேதான். ஆனால் 1.9 என்றால், உற்பத்தி இம்மியும் உயராமலே திறமைசாலிகள் கூடுதலாகப் படித்துக்கொண்டிருப்பார்கள். கோட்பாட்டின் காரம் இங்கேதான் இருக்கிறது.

இதை நிறுவுவது கடினம். படித்தவர் அதிகம் சம்பாதிப்பார் என்றுதான் இரு தரப்புமே சொல்கின்றன. ஆகவே ஒரே அறிவு, வேறு சான்றிதழ் என்ற நிலையைத் தேட வேண்டியிருந்தது. பள்ளியை இடையில் விட்டவர்கள் எழுதும் ஜி.இ.டி. தேர்வுக்கு அமெரிக்க மாநிலங்கள் வெவ்வேறு தேர்ச்சி மதிப்பெண் வைத்திருந்தன. ஒரே மதிப்பெண் எடுத்த இருவரில் ஒருவர் தேர்ச்சி, மற்றவர் தோல்வி. டைலர், மர்னேன், வில்லெட் ஆகியோரின் 2000ஆம் ஆண்டு ஆய்வில், இந்த விளிம்பில் தேறிய வெள்ளையின இளைஞர்களின் வருமானம் 10 முதல் 19 விழுக்காடு கூடியிருந்தது. சிறுபான்மையினரிடம் அந்த ஆதாயம் தென்படவில்லை. ஆனால் டெக்சாஸ், ஃபுளோரிடா பள்ளியிறுதிச் சான்றிதழை கிளார்க்கும் மார்ட்டரெல்லும் 2014இல் இதே வகையில் ஆராய்ந்தபோது, சான்றிதழால் மட்டும் வந்த பலன் என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

பிரயன் கேப்லன் 2018இல் வெளியிட்ட நூலில் கல்வியின் சம்பள ஆதாயத்தில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைச் சமிக்ஞையின் கணக்கில் எழுதினார். இது மிகை. வேலையில் சேர்ந்தபின் முதலாளி ஆளை நேரிலேயே எடைபோடுகிறார். தொடக்கக் கணிப்புப் பிழையில் பாதி மூன்று ஆண்டுகளில் தீர்ந்துவிடுவதாக ஃபேபியன் லாங்கே 2007இல் மதிப்பிட்டார். அதற்குப் பிறகும் பட்டம் மட்டுமே சம்பளத்தைத் தாங்கி நிற்கும் என்பது நம்பும்படியாக இல்லை.

சமூகத்துக்கு ஆகும் செலவு வேறு விஷயம். எல்லோரும் பட்டம் வாங்கினால் வரம்பு மேலே நகரும். நேற்று பள்ளியிறுதி போதுமாயிருந்த எழுத்தர் வேலைக்கு இன்று பட்டதாரிகள் வரிசையில் நிற்பார்கள். ரொனால்ட் டோர் 1976இல் இதைப் ‘பட்டய நோய்’ என்று பெயரிட்டு எழுதிய நூலில் ஆராய்ந்த நாடுகள் நான்கு: இங்கிலாந்து, ஜப்பான், கென்யா, இலங்கை.