கிட்டப்பா: குரலுக்குப் பின்

எஸ். ஜி. கிட்டப்பா 1933 டிசம்பர் 2ஆம் தேதி இறந்தபோது அவருக்கு வயது 27. ராக் சங்கீதத்தின் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் ஜானிஸ் ஜாப்ளினும் 1970லும், ஜிம் மாரிஸன் 1971லும் இறந்தது இதே வயதில். ஒற்றுமை தற்செயல். ஆனால் அகாலத்தில் போன பாடகனை அவன் சமூகம் என்ன செய்கிறது என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அங்கே இசைத்தட்டுக் கம்பெனிகள் எஞ்சிய ஒலிநாடாக்களைத் தேடியெடுத்து, செத்தவர்களைத் தொடர்ந்து பாடவைத்தன. கிட்டப்பா விஷயத்தில் அதற்கு வழியில்லை. தமிழ்ப் பேசும்படம் 1931லேயே வந்துவிட்டது. அவர் அதில் இல்லை. மிஞ்சியவை இசைத்தட்டுகள், பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்.

இந்த மூன்று நிமிஷம்தான் சிக்கல். கிட்டப்பா ஒலிபெருக்கியில்லாத மேடையின் பாடகர். உச்சஸ்தாயி அவருக்கு அலங்காரமல்ல. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்தவனுக்கும் எட்டவேண்டிய தொழில் நிர்ப்பந்தம். 'ஒன்ஸ்மோர்' கேட்கக் கேட்கப் பாட்டு வளரும், கதை காத்திருக்கும். நாடகம் என்ற அளவில் இது குறைதான். ஆனால் அவர் கலை நடந்த இடம் அந்தக் குறைக்குள்தான், தட்டில் அடங்காத அந்த வளர்ச்சியில்தான். தியாகய்யரின் 'எவரனி' அவர் தட்டு வழியாகக் கச்சேரி வாசல் மிதிக்காதவன் காதிலும் விழுந்தது. இருந்தும் நாடகக்காரர் என்று சங்கீதப் பக்கமும், வெறும் பாட்டுக்காரர் என்று நவீன நாடகப் பக்கமும் அவரை ஒதுக்க, இடையில் ரஸிகனின் பக்தி மட்டும் மிச்சம்.

அவருக்கு நேர்ந்த அஞ்சலிகள் மூன்று விதம்.

முதலாவது, கே. பி. சுந்தராம்பாளுடையது. மேடை ஜோடியாகச் சேர்ந்து வாழ்க்கைத் துணையானவர், கிட்டப்பாவுக்குப் பின் வெள்ளைப் புடவையும் திருநீறுமாக நின்றார். ஆண்களுடன் ஜோடியாக நடிப்பதில்லை என்று தீர்மானித்தார். 1935ல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேஷமே போட்டார். நாம் அந்தத் துறவை வியந்தோம். வியப்பில், அவருக்குச் சமமான குரல் சுந்தராம்பாளுடையது என்பது பின்னுக்குப் போயிற்று. கிட்டப்பாவும் ஒரு காதல் கதையின் பாதியாகச் சுருங்கினார்.

இரண்டாவது, சோழவந்தானை அடுத்த தென்கரையின் டி. ஆர். மகாலிங்கம். 1945ன் 'ஸ்ரீ வள்ளி'யில் அந்த உச்சஸ்தாயியைத் திரைக்குக் கொண்டுபோனார். மைக் வந்தபின் அதற்கிருந்த காரணம் போய்விட்டது, அழகு நின்றது. நிர்ப்பந்தமாக இருந்தது பாணியாயிற்று.

மூன்றாவதற்குப் பெயரில்லை. சிறுமலையைச் சுற்றிய சமவெளியில், நத்தம், வடமதுரை, வேடசந்தூர் பக்கத்து ஊர்களில், திருவிழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் போடுவது வழக்கம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், ஆர்மோனியம் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. 1922ல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் பாடமும் மெட்டும் இவர்களின் பொதுச் சொத்து. நள்ளிரவு தாண்டி 'வள்ளி திருமண'த்தில் ராஜபார்ட் குரலை மேலே ஏற்றி நிறுத்துகிறபோது, அந்த நிறுத்தல் கிட்டப்பா காலத்திலிருந்து, மகாலிங்கத்தின் படம் வழியாக, கைமாறி வந்தது. சினிமா மெட்டு கலக்கிறது, மைக் கத்துகிறது, பபூனின் இரட்டை அர்த்தம் ஒரு மணி நேரத்தை விழுங்குகிறது. சுத்தமான வாரிசு இல்லை இது. ஆனால் 'ஒன்ஸ்மோர்' கேட்டால் பாட்டு இங்கேதான் வளர்கிறது.

இவர்களைக் கூத்தாடி என்று சொல்லிக்கொண்டே கிட்டப்பாவுக்குப் புகழாரம் சூட்ட நமக்குக் கூச்சமில்லை. ஹென்ட்ரிக்ஸைப் பற்றி இரண்டு பக்கம் எழுதத் தயாராயிருக்கிற நம் விமர்சகன், வடமதுரைக்குப் பஸ் ஏறி ஒரு ராத்திரி மண்தரையில் உட்காரலாம். பபூன் வரும்போது எழுந்து போய்விடாமல் விடிகிறவரை இருந்தால், எழுத விஷயம் இருக்கிறது.