டேப் பேக்கப்பை நம்பலாமா? காந்த நாடாவின் கதை

பொன்னேரியிலிருந்து பேசுறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிற நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "எங்க ஆபீஸ்ல இன்னமும் டேப்லதான் பேக்கப் எடுக்கிறாங்க. கிளவுடு வந்த காலத்துல இது பழைய பஞ்சாங்கம் இல்லையா? ஒருநாள் தேவைப்பட்டா அதுல இருக்கிறது திரும்பி வருமா?" முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில பதில்: இல்லை. ரெண்டாவது கேள்விக்குத்தான் எழுபது வருஷக் கதை வேணும்.

1951-ல் வந்த யூனிவாக் கணினியில் ஓடியது பிளாஸ்டிக் நாடா இல்லை, நிக்கல் பூசிய வெண்கல நாடா. அடுத்த வருஷமே ஐபிஎம் 726 வந்தது. அதில் பிளாஸ்டிக் நாடா, மேலே இரும்பு ஆக்சைடு பூச்சு. அன்றைக்கு இருந்த பெரிய பயம் நாடா அறுந்துபோவதுதான். கணினி கேட்டதும் நாடா சட்டென்று ஓடணும், சட்டென்று நிக்கணும். கனமான சக்கரம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அதனால் காற்றை உறிஞ்சும் நீளமான குழிகளை வைத்து, அதற்குள் நாடாவைத் தளர்வாகத் தொங்கவிட்டார்கள். வெடுக்கென்று இழுக்கிற இழுப்பெல்லாம் அந்தத் தளர்விலேயே போய்விடும். பழைய சினிமாவில் கம்ப்யூட்டர் என்று காட்டுகிற பீரோவில் ரெண்டு சக்கரம் விட்டுவிட்டுச் சுற்றுமே, அது இந்த வகை எந்திரம்தான்.

இரும்பு ஆக்சைடுன்னா துருவோட நெருங்கிய சொந்தம். கம்பி உருட்டுற ஊர்க்காரங்களுக்கு நான் துரு பத்திச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனா டேப்ல முதல்ல கெடுறது அந்தத் துரு இல்லை, அதை நாடாவோட ஒட்டி வெச்சிருக்கிற பசை. 1970-கள், 80-களில் வந்த பல நாடாக்களில் இருந்த பாலியூரித்தேன் பசை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இளகிப் பிசுபிசுக்கும். ஓட்டினால் பூச்சு உரிந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். அப்படிப்பட்ட நாடாவைச் சுமார் 50 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வாட்டி எடுத்து, அந்த இடைவெளிக்குள் வேறொன்றுக்கு நகல் எடுத்துக்கொள்வார்கள். அப்பளம் வாட்டுற மாதிரின்னு நினைக்காதீங்க, ரொம்பப் பொறுமையான வேலை.

நம்ம பக்கம் ஆரணி ஆறு, பழவேற்காடு ஏரி, அதைத் தாண்டினா கடல். காத்துல ஈரத்துக்குக் குறைவே இல்லை. இன்றைய நாடாக்களை நீண்ட நாள் வைக்க 16 முதல் 25 டிகிரி வெப்பமும், 20 முதல் 50 சதவீதம் ஈரப்பதமும் வேண்டும். ஏசி இல்லாம அது இங்க நடக்காது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைப் பக்கம் கரையேறினப்ப, பல இடங்கள்ல நாள்கணக்கா கரண்ட் இல்லை. டேப்புக்கு கரண்ட் தேவையில்லைதான், டேப் இருக்கிற அறைக்குத் தேவை! இன்னொண்ணு, குளிர்ந்த அறையிலிருந்து எடுத்துட்டு வந்த டேப்பை உடனே டிரைவ்ல சொருகக் கூடாது. சோடா பாட்டில் மாதிரி அதுக்கும் வேர்க்கும். ஒருநாள் உறையோட அப்படியே வைக்கணும்.

அடுத்தது டிடிஎஸ். 1989-ல் சோனியும் எச்பியும் கொண்டுவந்தார்கள். பாட்டுக் கேட்கிற டேட் கேசட்டின் நுட்பத்தைத் தரவுக்குத் திருப்பியது அது. சின்னது, மலிவு. சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். 90-கள் கடைசியில நான் வேலை பார்த்த இடத்திலும் அதுதான். பேர் வேண்டாம். தினமும் ராத்திரி எழுதும், தானே சரிபார்க்கும், 'சரி' என்று பிரிண்டரில் ஒரு வரி வரும். ஒருநாள் டிரைவ் பழுதாகி, புது டிரைவ் வந்தது. இருந்த ஏழு டேப்பில் ரெண்டைத்தான் அது படித்தது.

காரணம் எளிமையானது. இந்த வகையில் ஹெட் ஒரு உருளையில் சாய்வாகச் சுற்றி, முடியைவிட மெல்லிய கோடுகளாக எழுதும். நாளாக நாளாக உருளையின் அமைப்பு இம்மி விலகினால் கோடுகள் கோணலாகும். கோணலா எழுதுற கை, தன் கோணல் எழுத்தைத் தானே வாசிச்சிடும். வேற யாராவது வாசிக்கிறப்பதான் சேதி தெரியும். அதனால எழுதின டிரைவே கொடுக்கிற 'சரி'யை நான் பாதி சாட்சியாத்தான் எடுத்துக்குவேன்.

2000-ல் எச்பி, ஐபிஎம், சீகேட் மூன்றும் சேர்ந்து எல்டிஓ-வை வெளியிட்டன. இதில் கோடுகள் நீளவாக்கில் போகும். தொழிற்சாலையிலேயே வழிகாட்டித் தடங்கள் பதித்திருப்பதால் எந்த டிரைவும் அதே பாதையில் நடக்கும். எழுதிய கையோடு பின்னால் இன்னொரு ஹெட் படித்துப் பார்த்துவிடும். முதல் தலைமுறையில் 100 ஜிபி, 2021-ல் வந்த ஒன்பதாவதில் 18 டிபி. சரியாக வைத்தால் முப்பது வருஷம் என்கிறார்கள்.

நாடா முப்பது வருஷம் இருக்கும், டிரைவ் இருக்குமா? எல்டிஓ-9 டிரைவ், எட்டாம் தலைமுறை வரைக்கும்தான் பின்னோக்கிப் படிக்கும். நாசாவின் லூனார் ஆர்பிட்டர் கலங்கள் 1966, 67-ல் எடுத்த நிலவுப் படங்களின் நாடாக்கள் நல்லபடியாவே இருந்தன. ஓட்டுவதற்குத்தான் எந்திரம் இல்லை. பழைய ஆம்பெக்ஸ் டிரைவ்களைக் குப்பைக்குப் போகவிடாமல் வருஷக்கணக்கில் காத்தவர் நான்சி எவன்ஸ். 2008-ல் கலிஃபோர்னியாவில், மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்குள் வைத்து அவற்றுக்கு உயிர் கொடுத்தார்கள்.

இவ்வளவு தொல்லைக்குப் பிறகும் ஏன் டேப்? 2011 பிப்ரவரி கடைசியில், ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேருடைய பெட்டி காலியானது. கூகுள் பல டேட்டா சென்டர்களில் நகல் வைத்திருந்தது, அதே பிழை பல நகல்களையும் தொட்டுவிட்டது. மின்னஞ்சல்களை மீட்டது டேப்பிலிருந்து. டிரைவிலிருந்து கழட்டி அலமாரியில் வைத்ததை எந்த நிரலும் எட்டித் தொட முடியாதே.

இலங்கையில் நடந்தது இதுக்கு நேர் எதிர். 2023 ஆகஸ்டில் அரசின் கிளவுடு மீது ரான்சம்வேர் பாய்ந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசு மின்னஞ்சல் கணக்குகளைத் திரும்ப நிறுத்தினார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் வரவில்லை. அந்த நாட்களுக்குத் தனியாகக் கழட்டி வைத்த நகல் எதுவும் இல்லை. தினசரி ஆஃப்லைன் பேக்கப் எடுக்கும் ஏற்பாடு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.